கானைச் சாகவிடாத குருசாமி சார்

இராமநாதபுரத்தில் ரேஷன் கடை வரிசையில் அரிசிக்கு நின்றுகொண்டிருந்தேன். குருசாமியுடைய மருமகனின் தம்பி சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். "மாமா நேத்து சாயங்காலம் போயிட்டாக சார். கோடித்துணி எடுக்க வந்தேன். உங்களைப் பாத்தாச் சொல்லச் சொன்னாக" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைத் திட்டினேன். "இதையெல்லாம் நடுரோட்டில் நின்று கத்தித்தான் சொல்வாயா?" என்று கேட்டேன். பாவம், அவன் விழித்தான். பையைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன். முதுகுளத்தூர் பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தும் எனக்கு உட்கார முடியவில்லை. "உக்காருங்க சார், எல்லாரும் உங்களையே பாக்குறாக" என்றார் கண்டக்டர். ஊர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் போனேன்.

பாம்பன் வாசகசாலை நண்பர்கள் இதை எழுதச் சொன்னார்கள். ஆழ்ந்த அறிஞர், அமைதியான மனிதர் என்று எழுதும்படி யோசனையும் சொன்னார்கள். ஆழ்ந்த அறிஞர் என்பது சரி. அமைதியானவர் என்று எழுதினால் மனிதர் சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்து பேனாவைப் பிடுங்குவார். குருசாமி ஓரிடத்தில் நின்றதை நான் பார்த்ததில்லை. அவர் சரித்திர வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். பாம்பனில் ஒரே பள்ளிக்கூடத்தில், அடுத்தடுத்த வகுப்பறையில் வருஷக்கணக்காக இருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்புச் சத்தம் போய்ப் போய் வரும். பையன்கள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியே சரித்திரம் படித்தார்கள். சாப்பாட்டைக்கூட தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தைச் சுற்றி நடந்தே முடிப்பார்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் தலைமையாசிரியர் அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டு, "இன்றைக்கு மட்டுமாவது உட்கார்ந்து நடத்துங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்று கெஞ்சினார். குருசாமியும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கு வாயடைத்துப் போனது. பானிப்பட்டு வரைக்கும் வந்த படை அங்கேயே நின்றுவிட்டது. வேர்த்து விறுவிறுத்து மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் இன்ஸ்பெக்டரே, "எழுந்திருங்கய்யா, எப்போதும் போல நடத்துங்க" என்றார். பிறகு என்னிடம் வந்து, "நில்லுன்னா நான் செத்துருவேன்யா, கணக்கு" என்றார் குருசாமி. என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் எதிரிலும் நான் அவருக்குக் 'கணக்கு'தான்.

இப்படிப்பட்டவருக்குச் செங்கிஸ்கானைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. பாம்பன் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஓட்டுக் கொட்டகைதான் அப்போது வாசகசாலை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பத்திரிகையை உரக்க வாசித்து முடித்ததும், குருசாமி வெளியே மணலில் நடந்துகொண்டே கதை சொல்வார். ஒரு ஞாயிறு மங்கோலிய நாட்டுக் கானின் கதையைத் தொடங்கினார். "பாதி உலகத்தை மிதித்தவன். அவன் செஞ்சதுல பாதி எனக்குச் சொல்லவே கூசும். ஆனா உக்காராத பய. அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் கான் சார் ஆனார்.

முதல் நாள் கதையே சண்டையில் முடிந்தது. கானுக்குச் சின்ன வயதில் தெமூஜின் என்று பெயர். தகப்பனுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டார்கள். உறவுக் கூட்டம் தாயையும் பிள்ளைகளையும் புல்வெளியில் அநாதையாக விட்டுவிட்டுப் போனது. கிழங்கு தோண்டியும் ஆற்றில் தூண்டில் போட்டும் உயிர் வளர்த்தார்கள். தூண்டிலில் விழுந்த ஒரு மீனை மாற்றாந்தாய் மகன் பிடுங்கிக்கொண்டான். அதற்காகத் தெமூஜின் அவனை அம்பெய்து கொன்றான். குருசாமி இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன மீனு சார்?"

"மீன் பேரு தெரியலைப்பா."

"மீன் பேரு தெரியாமக் கொலைய மட்டும் சொல்றீகளே! எத்தனை பெரிய மீனு, அதாவது தெரியுமா?"

கேட்டவன் சவரிமுத்து. கரையில் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நின்று பேசுகிற ஆள். தன் வலைக்கு மேலே வலை போட்டதற்காக ஒருவன் மூக்கை உடைத்தவன். குருசாமி தலையைச் சொறிந்துகொண்டே நடந்ததைப் பார்த்து அவனே சிரித்துவிட்டு, "பரவாயில்ல, மீனுக்குக் கொலை செஞ்சிருக்கான். நம்ம ஆளுதான்" என்றான். அதிலிருந்து ஒரு ஞாயிறும் அவன் தவறியதில்லை.

இந்தச் சவரிமுத்துவின் கதை பாம்பன்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் மனைவி ரோசம்மா. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில் தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று சிலோனுக்குக் கப்பல் ஏறினாள். தனுஷ்கோடியில் ஏற்றிவிட்டவன் சவரியேதான். அதுவரைக்கும் அடுத்த தெருவுக்குப் போவதைப் போல மன்னாருக்குப் போய் வந்த சனம் இது. திடீரென்று பெர்மிட் என்றார்கள், விசா என்றார்கள். போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். தாயும் இறந்துபோனாள். யாருடைய மீன் வாடியிலோ கருவாடு காயப்போட்டு வயிற்றைக் கழுவினாள். மூன்று வருஷம் போல ஆயிற்று. சவரியும் போய் அழைத்துவரவில்லை. பிறகு ஒருநாள் வந்து இறங்கினாள், இடுப்பில் கைக்குழந்தையோடு.

பாம்பனுக்கு அவள் வரவில்லை. ஒரு ஸ்டேஷன் தள்ளி, தங்கச்சிமடத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். சவரி போகவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவன் அண்ணன் தம்பிகள், "அந்தப் புள்ளையத் தூக்கிட்டு இந்த வாசப்படி ஏறினா நாங்க உன் வள்ளத்துல கால் வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆளில்லாமல் வள்ளம் ஓடுமா? பங்குச் சாமியார் இரண்டு தடவை கூப்பிட்டுப் புத்தி சொன்னார். சவரி தலையை ஆட்டிவிட்டு வந்து கரையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் கூட்டிவருவானா, விட்டுவிடுவானா? ஊரில் அப்போது வேறு பேச்சே கிடையாது.

சரியாக அந்த வாரம்தான் கானின் கதை போர்த்தேயிடம் வந்து நின்றது. போர்த்தே கானின் மனைவி. சனிக்கிழமை முழுவதும் குருசாமி ரயில் தண்டவாளத்தின் ஓரமாக மேலும் கீழும் நடந்தார், நானும் தலையெழுத்தே என்று கூட நடந்தேன். "தாண்டிப் போய்விடுங்கள். நாலு யுத்தத்தை முன்னால் இழுத்துப் போடுங்கள். சவரி கத்தி வைத்திருக்கிறவன்" என்றேன். "வர்ற எடத்துல வருதுய்யா. நானா கொண்டாந்து வச்சேன்?" என்றார். சற்று தூரம் போய், "சரித்திரத்துல நல்லவன்னு ஒருத்தனையும் என்னால காட்ட முடியாது, கணக்கு. ஒருத்தன் நல்லது செஞ்ச ஒரு நாளைக் காட்டலாம். அதையும் தாண்டிட்டா அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

மறுநாள் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். சவரி முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். குருசாமி சொன்னார்: விடியும் நேரத்தில் எதிரிகளான மெர்கித்துக் கூட்டம் வந்து விழுந்தது. வீட்டில் இருந்த குதிரைகளில் தெமூஜின் வீட்டார் ஆளுக்கொன்றாக ஏறிக்கொண்டார்கள். மனைவிக்கு ஏற ஒரு குதிரை மிஞ்சவில்லை. அவளை விட்டுவிட்டுத் தெமூஜின் மலைக்கு ஓடினான். அவளைப் பிடித்துப் போய் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். "விட்டுட்டு ஓடினவன் இவன்தான். அவ போகலை" என்று குருசாமி ஒரு தடவை சொல்லிவிட்டு, நடந்து திரும்பி வந்து மறுபடியும் சொன்னார். பிறகு தெமூஜின் நண்பர்களிடம் கையேந்திப் படை சேர்த்துக்கொண்டு போனான். எதிரிகள் சிதறி ஓடும்போது அந்த நெரிசலில் அவள் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே தேடினான். குரலைக் கேட்டு அவள் வண்டியிலிருந்து குதித்து வந்து அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது.

வாசகசாலை விளக்குக்கு எண்ணெய்ச் செலவு பார்க்கிற சங்கு வியாபாரி செய்யது மரைக்காயர்தான் கேட்டார். "கூட்டிட்டுப் போனானா?"

"கூட்டிட்டுப் போனான்."

"புள்ள?"

"கானோட மூத்த மகன். பேரு ஜோச்சி. விருந்தாளின்னு அதுக்கு அர்த்தம் சொல்றாங்க. கான் சாகுற வரைக்கும் அவனை மூத்த மகன்னுதான் சொன்னான்."

சவரி எழுந்தான். வேட்டியைத் தட்டிக்கொண்டு போனான். நான் குருசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது சவரி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தலையைச் சீவிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். குருசாமியைக் கண்டதும் வந்தான். "தங்கச்சிமடத்துக்குப் போறேன் சார்" என்றான். பிறகு அவனாகவே சொன்னதை நான் இன்றுவரைக்கும் மறக்கவில்லை.

"சாமியாரு சூசையப்பரைச் சொன்னாரு சார். மாதா வயித்துப் புள்ளைய ஏத்துக்கிட்ட பரிசுத்தரு அவரு. கனவுல வானத்துச் சம்மனசு வந்து சொல்லுச்சு, கேட்டாரு. எனக்கு எந்தச் சம்மனசு வரப்போவுது? இந்தக் கொலகாரப்பய ஒரு சம்மனசும் இல்லாமச் செஞ்சிருக்கானே! அப்ப என்னால ஆவாதா?"

அன்று மாலை ரயிலில் மூன்று பேராக வந்து இறங்கினார்கள். குழந்தையைச் சவரிதான் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தான். அண்ணன் தம்பிகள் சொன்னபடியே வள்ளத்தில் கால் வைக்கவில்லை. ரோசம்மாவின் சின்னம்மா பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பாய் இழுத்தார்கள். குழந்தைக்கு அருளப்பன் என்று பெயர். அடுத்த ஞாயிறு அந்த அருளப்பன் தகப்பன் மடியில் உட்கார்ந்து கானின் கதையைக் கேட்டுக்கொண்டே மண்ணைத் தின்றான்.

இனி மரைக்காயரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவர் என்னை விடமாட்டார். கான் என்கிற பெயரைக் கேட்டதுமே, நம்ம ஆள் என்று முடிவு கட்டிக்கொண்டவர் அவர். அவர் மட்டுமல்ல, பாதிக் கரையும் அப்படித்தான் நினைத்தது. "இல்லை மரைக்காயரே, அவன் வானத்தைக் கும்பிடுகிறவன்" என்று குருசாமி ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தார். "அதான! மேல இருக்கிற ஒருத்தனைத்தானே நாங்களும் தொழுவுறோம்" என்று மரைக்காயர் இன்னும் குளிர்ந்துபோனார். கான் ஒவ்வொரு கோட்டையாகப் பிடிக்கப் பிடிக்க, மரைக்காயர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். புகாரா நகரம் வந்த அன்றைக்குத்தான் விஷயம் வெடித்தது. கான் பெரிய பள்ளிவாசலுக்குள் குதிரையோடு போனான், வேதப் பெட்டிகளைக் குதிரைக்குத் தீவனத் தொட்டியாக்கினார்கள் என்று குருசாமி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மரைக்காயர் எழுந்து, "யா அல்லா, இந்த ஹராமிக்கா நான் இத்தனை டீ வாங்கினேன்!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். விளக்குக்கான எண்ணெயும் போயிற்று என்று நினைத்தோம். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, "அவன் செத்தானா இல்லையா? அதைச் சொல்லுங்க சார், அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

ஆனால் குருசாமி அவனைச் சாகவிடவில்லை. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று இழுத்தார். குதிரைகளைப் பற்றிச் சொன்னார், தபால் கொண்டுபோன விதத்தைச் சொன்னார், பாலைவனத்தில் குடித்த பாலைப் பற்றிச் சொன்னார். பிறகு ஒருநாள் சத்தமில்லாமல் வேறொரு ராஜாவின் கதைக்கு மாறிவிட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தக அலமாரியில் இருந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து ஒரு லீவு நாளில் உட்கார்ந்து படித்தேன். விஷயம் புரிந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"புகாராவுக்குப் புறப்படும் முன்னால் ஒரு சபை நடந்திருக்கிறதே. அதை ஏன் முழுங்கினீர்கள்?" என்றேன்.

அவர் நடந்துகொண்டே இருந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். அந்தச் சபையில் கான் தன் மகன்களை உட்கார வைத்து, எனக்குப் பிறகு யார் என்று கேட்கிறான். மூத்தவனை முதலில் பேசச் சொல்கிறான். மூத்தவன் வாய் திறப்பதற்குள் இரண்டாவது மகன் எழுந்து, இவன் மெர்கித்துக்குப் பிறந்தவன், இவனுக்குக் கீழே நாங்கள் இருப்பதா என்று கேட்டுவிடுகிறான். இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கான் முதலில் பேசாமல் இருக்கிறான். பிறகு கண்டிக்கிறான். ஆனால் பட்டம் மூன்றாவது மகனுக்குப் போகிறது. ஜோச்சி தகப்பனை விட்டு எட்டப் போய்விடுகிறான். தகப்பனுக்கு முன்பே செத்தும் போகிறான்.

"பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு விடை வந்துவிட்டது என்று சொல்லலாமா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. குருசாமி திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அவன் மடியில பையன் உக்காந்திருக்கான்யா. ரோசம்மா வயித்துல அடுத்தது இருக்கு. அவன் முன்னாடி எப்படிய்யா சொல்ல? கானாலயே முடியலைடா சவரி, உன்னால எங்க முடியப்போவுதுன்னா?"

அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவர்தான் வேறு விதமாக எடுத்துக்கொண்டே இருந்தார்.

நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வள்ளத்துக்குப் பாய் கட்டி, சாமியார் வந்து மந்திரித்து, முதன்முதலாகக் கடலில் இறக்கும்போது அந்த வீட்டு மூத்த மகன்தான் சுக்கான் பிடிக்க வேண்டும். ஊர் முழுக்கக் கரையில் நின்று பார்க்கும். இவன்தான் என் மூத்தவன், எனக்குப் பின்னால் இந்த வள்ளம் இவனுடையது என்று தகப்பன் வாய் திறக்காமல் சொல்கிற இடம் அது. இந்த ஒரு நாளை நினைத்துத்தான் குருசாமி பயந்தார். அருளப்பனுக்குப் பிறகு இன்னாசி பிறந்தான், இன்னும் ஒரு பையன் பிறந்தான். அருளப்பன் வளர வளர குருசாமிக்குக் கலக்கமும் வளர்ந்தது. "அன்னைக்கு எவனாவது ஒருத்தன் வாயத் திறப்பான்யா. வெளியாளுன்னா சவரி மூக்கை உடைப்பான். வீட்டுக்குள்ளருந்தே வந்தா?" என்பார். தனுஷ்கோடி அழிந்த புயல் வருஷத்தில் சவரியின் வள்ளம் கடலோடு போனது. வாசகசாலையின் ஓடுகளும் போயின. சவரி பாவம், கூலிக்கு அடுத்தவன் வள்ளத்தில் போனான். குருசாமிக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் அப்பாடா என்று இருந்தது. அதையும் என்னிடம் சொல்லிவிட்டு, "என்ன மனுசன்யா நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் இராமநாதபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருக்க முதுகுளத்தூர்ப் பக்கம் போனார். கடைசி வருஷத்தில் இரண்டு காலும் வீங்கிப் போயின. அந்த மனிதரைக் கட்டிலில் பார்க்க என்னால் முடியவில்லை. போனால் அரை மணிக்கு மேல் தங்கமாட்டேன். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கேட்பது ஒன்றுதான்.

"சவரி புதுப் பாய் கட்டிட்டானா?"

"இன்னும் இல்லை."

"ம்" என்பார். கால் விரல்கள் மட்டும் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருக்கும். கடைசித் தடவை போனபோதும் அதைத்தான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். பாம்பன் பக்கம் நான் போய் அப்போது வெகுநாள் ஆகியிருந்தது.

அன்றைக்கு ரேஷன் வரிசையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பாடை எடுக்கிற நேரம். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் கண்மாயில் குளித்துவிட்டுக் கரையேறினால், கருவேல மரத்தடியில் சவரி நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் ரோசம்மா, மூன்று பையன்கள். ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வந்திருந்தார்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. "பிந்திப் போச்சே சார்" என்று சவரி என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பையன்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டான்.

"சார், கான் கதையில நடுவுல ஒரு எடத்தை அவரு தாண்டிட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். மூத்தவன் பேச்சு வர்றப்பல்லாம் என் மூஞ்சியப் பாத்துட்டு வேற பக்கம் நடந்துருவாரு. அது என்ன சார்? நீங்களாச்சும் சொல்லுங்க."

ரோசம்மாவைப் பார்த்தேன். "சொல்லுங்க சார், எதுவா இருந்தா என்ன" என்றாள். சொன்னேன். சபையைச் சொன்னேன், இரண்டாவது மகன் கேட்டதைச் சொன்னேன், பட்டம் போன இடத்தைச் சொன்னேன், ஜோச்சி செத்ததையும் சொன்னேன். சவரி கண்மாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவன் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என் வீட்டுல அது போன மாசம் நடந்துருச்சு சார்."

போன மாசம் அவன் புது வள்ளம் இறக்கியிருக்கிறான். கடன் உடன் பட்டுப் புதுப் பாயும் கட்டியிருக்கிறான். கரையில் ஊரே நின்றது. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். அருளப்பன் தண்ணீரில் இறங்கினான். அப்போது இன்னாசி, அவனுடைய சொந்தத் தம்பி, சித்தப்பன்மார் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன், "அவன் யாரு சுக்கான் புடிக்க? இந்த வீட்டு மூத்தவன் நான்தானே?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டான்.

"நீ என்ன செஞ்சே?" என்றேன்.

"பேசாமயா இருப்பேன்? அருளப்பன் கையப் புடிச்சுச் சுக்கான்ல வச்சேன். நான் போயி முன்னால அணியத்துல, கூலியாளு உக்காருற எடத்துல உக்காந்தேன். 'ஏலே இன்னாசி, இந்த வள்ளத்துல இனி அவன் சொல்றதுதான், நானே கேக்குறேன். கேக்குறதா இருந்தா ஏறு, இல்லன்னா கரையில நில்லு'ன்னேன். நின்னான். 'பாய விரிடா'ன்னு அருளப்பன்கிட்டச் சொன்னேன். வள்ளம் போயிருச்சு."

"அப்புறம்?"

"கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தா, பய நீந்தி வாரான் சார்! அழுதுகிட்டே வாரான். அருளப்பன்தான் பாயத் தளத்திட்டுக் குனிஞ்சு கை குடுத்துத் தூக்குனான்." சவரி மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டான். "அத்தனை பெரிய கான், அந்த எடத்துல கோட்டை விட்டுட்டானே சார். பேசாம இருக்கலாமா? பெத்தவன் பேசாம இருந்தா ஊரு பேசுமே."

நான் கண்மாய்க்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன மாசம்! இத்தனை வருஷம் ஒரு மனிதன் எதை நினைத்துத் தூக்கத்தில் புரண்டானோ, அது முடிந்து, நல்லபடியாக முடிந்து, ஒரு மாசம் ஆகியிருக்கிறது. அங்கே கட்டிலில் கால்விரலை அசைத்துக்கொண்டு அதைக் கேட்டவனுக்கு மட்டும் சேதி போகவில்லை. "கோயில் திருவிழா முடிஞ்சதும் வந்து நேர்ல சொல்லணும்னு இருந்தேன் சார். மீனு கொண்டாரணும்னு இருந்தேன்" என்று சவரி அழுதான். யாரைக் கோபித்துக்கொள்வது? எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. செத்துப்போன குருசாமி மேலும் வந்தது. இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கக் கூடாதா?

வாசகசாலை நண்பர்கள் கேட்ட பிறகு, இதையெல்லாம் எழுதட்டுமா, பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று அவர்களிடம் கேட்டேன். "ஊரறிஞ்சதுக்கு எதுக்கு சார் முக்காடு?" என்றான் சவரி. அருளப்பன், "எழுதுங்க சார். என் பேரை மட்டும் தப்பில்லாம எழுதுங்க" என்றான். ரோசம்மா கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா நான் அழுதேன்னு எழுதிராதீக. நான் அழுவலை" என்றாள். உண்மைதான். அவள் அழவில்லை.

போன ஞாயிறு பாம்பன் போயிருந்தேன். வாசகசாலைக்குப் புது ஓடு போட்டிருக்கிறார்கள். மீதிக் கதையை நானே சொன்னேன். உட்கார்ந்து சொல்லத்தான் நாற்காலி போட்டார்கள், முடியவில்லை, எழுந்து மணலில் நடந்தேன். சபையைச் சொல்லும்போது அருளப்பனும் இன்னாசியும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டார்கள். இன்னாசி தலையைக் குனிந்துகொண்டான், அண்ணன் அவன் முதுகில் ஒன்று வைத்தான். கடைசியில் கான் செத்தான். பார்வை மங்கிப்போன மரைக்காயர் முன்வரிசையிலிருந்து, "போயிட்டானா? நிச்சயமாப் போயிட்டானா?" என்று கேட்டு, "அல்ஹம்துலில்லா, எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்கப்பா" என்றார். குருசாமி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

டீ குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தேன். ரயில் வர நேரமிருந்தது. பிளாட்பாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். எனக்கு முன்னெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. அவருடைய புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன, தூக்குச்சட்டி மகளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவருடைய ஒரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அதை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

கட்டிட்டான், குருசாமி. சவரி புதுப் பாய் கட்டிட்டான். மூத்தவன்தான் சுக்கான் பிடித்தான்.